அம்மா ஆற்றிக் குடித்த பூசணிக்காய் பீர்

ருசி பார்த்துக் கருத்துச் சொல்லும் வேலையை மட்டும் மனிதன் ஏற்றுக்கொள்ளவே கூடாது. சாம்பாராக இருந்தால் வீட்டில் சண்டை வரும். பாயசமாக இருந்தால் சம்பந்தியோடு மனஸ்தாபம் வரும். பூசணிக்காய் பீராக இருந்தால் என்ன வரும் என்பதை அனுபவித்து அறிந்தவன், எனக்குத் தெரிந்தவரை, திருநெல்வேலி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. இப்போதும் அந்த நாளை நினைத்தால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மூக்கு.

எங்கள் வீடு டவுனில். சுத்த சைவம். சாமிக்குப் படைக்கும் முன்னால் சமைத்ததை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அப்படியானால் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? சின்ன வயதில் ஒருநாள், அடுப்பங்கரைப் பக்கம் போன நான் சட்டிக்கு மேலே மூக்கை நீட்டி, "எம்மா, உப்பு பத்தாது" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். படைத்து முடித்துச் சாப்பிட்டுப் பார்த்தால், நிஜமாகவே உப்பு பத்தவில்லை. அன்றைக்குப் பிடித்தது சனியன்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எல்லாம், "டவுன் சங்கரனைக் கூப்பிடுங்க, மோந்து பாக்கட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்கு அண்டா முகர்ந்துகொண்டே போவேன். "காயம் ஒரு பொடி தூக்கல்" என்பேன். சமையல் பொறுப்பில் இருக்கும் தவசிப்பிள்ளை பயந்துபோய்த் தலையாட்டுவார். பாதி நேரம் நான் சொன்னது தப்பு. ஆனால் தப்பைக் கண்டுபிடிக்க இன்னொரு மூக்கு வேண்டுமே? அது யாரிடமும் இல்லை. கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக வேலை கிடைத்ததும் என் மூக்குக்கு விஞ்ஞான அந்தஸ்தும் சேர்ந்துகொண்டது. முப்பது வயதில் நான் என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் விட்டுவிடுகிறேன்.

இவ்வளவு பெரிய மூக்கு இருந்தும் கல்யாணம் மட்டும் ஆகவில்லை. பார்த்த இடங்களில் எல்லாம் மரியாதையாகத்தான் மறுத்தார்கள். ஜாதகம் என்பார்கள், தூரம் என்பார்கள். ஒரு வீட்டில், "மாப்பிள்ளை முகத்தைப் பாத்தா வாத்தியார் மாதிரி இருக்கு" என்றார்களாம். (வாத்தியார்தானே நான்? வேறு யார் மாதிரி இருக்க வேண்டும்?)

அந்தச் சமயத்தில்தான் காந்திமதியின் போட்டோ வந்தது. பாளையங்கோட்டைப் பெண். நுண்ணுயிரியல் படித்துவிட்டு பெங்களூரில் வேலை. "பானம் தயாரிக்குத கம்பெனியில தரம் பாக்குத வேலை" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். பானம் என்றதும் நாங்கள் மாம்பழ ஜூஸை நினைத்துக்கொண்டோம். அவர் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் மேற்கொண்டு கேட்கவில்லை.

இரண்டு வீட்டாரும் சம்மதித்து எங்களைப் போனில் ஒருமுறை பேசவிட்டார்கள். பதற்றத்தில் நான் தனிம அட்டவணையை வைத்து ஒரு ஜோக் சொன்னேன். வகுப்பில் வருஷா வருஷம் சொல்லி, ஒரு வருஷம்கூட ஒருவரும் சிரிக்காத ஜோக் அது. காந்திமதி சிரித்தாள். மரியாதைக்குச் சிரிப்பது வேறு, அடக்க முடியாமல் சிரிப்பது வேறு இல்லையா? இது இரண்டாவது வகை. அந்த நிமிஷமே எனக்கு முடிவாகிவிட்டது. இந்தப் பெண் கிடைத்தால் என் வாழ்க்கை சீராகிவிடும், கிடைக்காவிட்டால் நான் ஒழிந்தேன். (ஒழிந்துதான் போனேன். அது பின்னால் வருகிறது.)

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் பெண் பார்க்கப் போனோம். அப்பா இல்லாத வீடு என்பதால் நானும் அம்மாவும் மட்டும் ஓர் ஆட்டோவில் கிளம்பினோம். ஐப்பசி மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வயிறு சரியில்லை. பலகாரத்தைப் படைத்தவுடன் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவோ, வீணாகப் போகக் கூடாது என்று அத்தனை அதிரசத்தையும் முறுக்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மூன்று நாளாக வயிறு உப்பி, ஏப்பமும் வராமல், பேச்சும் ஓடாமல் இருந்தாள். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும், "ஏலே, பையப் போகச் சொல்லுலே" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

காந்திமதி வீட்டு முன்னறையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது பூசணிக்காய். மூலையில் ஒரு குவியலே கிடந்தது. (எங்கள் பக்கத்தில் பூசணிக்காய் என்றால் மஞ்சள்தான். வெள்ளையாக இருப்பது தடியங்காய்.) காந்திமதியின் அப்பாவை நான் மாமா என்றே எழுதிக்கொண்டு போகிறேன், ஆகாமல் போனாலும். மாமா அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு.

"நம்ம முக்கூடல் வயக்காட்டுல விளைஞ்சது மயினி" என்றார் அம்மாவிடம். "போன தடவை வந்தப்போ பாப்பா பத்து காய பெங்களூருக்குத் தூக்கிட்டுப் போயிட்டா. அங்கன ஆராய்ச்சி பண்ணுதாவளாம்."

"பூசணிக்காயில என்ன ஆராய்ச்சி?" என்றாள் அம்மா.

மாமா சட்டென்று முந்திரிக்கொத்துத் தட்டை முன்னால் நகர்த்தினார். "மொதல்ல இதைச் சாப்பிடுங்க."

அம்மா தட்டைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலக்காய் சரியா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னேன். காந்திமதியின் அம்மா பூரித்துப் போனார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காந்திமதி காப்பி கொண்டு வந்து வைத்து, "வாங்க" என்றாள். அந்தச் சிரிப்பு குரலிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமாவே, "ரெண்டு பேரும் மேல ரூம்ல போயி பேசிக்கிட்டிருங்க" என்றார்.

மாடி அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பழைய பிரிட்ஜ். காந்திமதி நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"எங்கப்பா என் வேலையப் பத்தி என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியும். நான் நேராவே சொல்லிருதேன். நான் வேலை பாக்குதது பீர் காய்ச்சுத இடத்துல. சின்ன இடம்தான். பெரிய கம்பெனி மாதிரி கிடையாது. அண்டா அண்டாவா நாங்களே கையால காய்ச்சுதோம். நான்தான் அதுக்குப் பொறுப்பு."

எனக்குக் காதில் கொய்ங் என்றது. பெங்களூரில் கூட வேலை பார்ப்பவர்கள் அவளைச் சுருக்கமாகக் 'காந்தி' என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதையும் அவளே சொன்னாள். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவிதமாக இருமினேன்.

அவள் பிரிட்ஜில் இட்லி மாவுச் சட்டிக்குப் பின்னால் கையை விட்டு, துண்டில் சுற்றிய பழுப்பு நிற பாட்டில் ஒன்றை எடுத்தாள். பெரிய பாட்டில். மூடிக்குக் கம்பிப் பூட்டு. மேலே பெயரோ படமோ கிடையாது. பார்த்தால் வைத்தியசாலையில் தைலம் ஊற்றிக் கொடுக்கும் பாட்டில் மாதிரியே இருந்தது.

"இது எங்க பூசணிக்காயில செஞ்சது. காயச் சுட்டுக் கூழாக்கி, முளைகட்டுன பார்லியோட சேர்த்துக் காய்ச்சி, பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்கா எல்லாம் போட்டுப் புளிக்க வைக்கது. வெளிநாட்டுல இலையுதிர்காலம்னா இதத்தான் குடிப்பாங்களாம். அதனால பெங்களூர்லயும் இந்த மாசத்துல மட்டும் போடுதோம்."

நமக்கு இலையுதிர்காலம் என்பதே பாடப்புத்தகத்தில்தான். நம் ஊர் வேப்பமரம் மாசியில் இலை உதிர்க்கும், அதையும் பெருக்குகிறவர்கள்தான் கவனிப்பார்கள். ஆனால் அப்போது எனக்கு அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், இந்தப் பெண் முன்னால் பட்டிக்காட்டான் மாதிரி தெரிந்துவிடக் கூடாது என்பதுதான்.

"நீங்க பீர் குடிச்சிருக்கியளா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சர்க்கரை புளித்துச் சாராயமும் கரியமில வாயுவும் ஆகும் சமன்பாட்டை வருஷம் தவறாமல் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அந்தச் சாராயத்தை ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். அவளுக்கும் அது போதுமாகத்தான் இருந்திருக்கும்.

"கருத்தரங்குக்கு எல்லாம் போனா… அங்கங்க… பழக்கந்தான்" என்றேன்.

"அப்போ நல்லதாப் போச்சு. உங்களுக்கு மோப்பம் பாத்துச் சொல்லுத தெறமை இருக்காம்லா, அப்பா சொன்னாவ. அங்க எல்லாரும் என்ன குடுத்தாலும் சூப்பர்ங்காங்க. எனக்கு ஒருத்தராவது நெஜத்தச் சொல்லணும். நீங்க குடிச்சுட்டு நெஜத்தச் சொல்லுங்க."

மாடியில் கண்ணாடி டம்ளர் இல்லை. எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். முகர்ந்து பார்த்தேன். அட, தீபாவளி மருந்து! சுக்கு, கிராம்பு, பட்டை, அப்படியே அம்மா கிண்டும் லேகிய வாசனை. எனக்கு நிம்மதியாகப் போயிற்று. லேகியம் எனக்குப் பழகியதுதானே என்று டம்ளரை உயரத் தூக்கி, வாயில் படாமல் அண்ணாந்து ஊற்றினேன்.

எங்கள் வீட்டில் தண்ணீர், காப்பி, மோர் எதுவானாலும் அப்படித்தான் குடிப்போம். எச்சில் படக் கூடாது. பீரை அப்படிக் குடிக்கக் கூடாது என்பதை வேதியியல் வாத்தியாரான நான் யோசித்திருக்க வேண்டும். முக்கால் அடி உயரத்தில் இருந்து விழுந்த பீர் வாய்க்குள் போனதும் பொங்கியது. வாய் கொள்ளாத நுரை. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மிச்சம் மூக்கு வழியாக வெளியே வந்தது. ஊர் கொண்டாடிய மூக்கு. கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓட, கைக்குட்டையை வைத்துப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"பையக் குடிங்க" என்றாள் காந்திமதி. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. அதுவரைக்கும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இரண்டாம் வாய் குடித்தேன். உண்மையைச் சொன்னால், மூன்று நாள் வெளியே வைத்த பூசணிக்காய்ப் புளிக்கறியில் யாரோ பல்வலி மருந்தைக் கொட்டிய மாதிரி இருந்தது. நாக்கு அப்படியே மரத்துவிட்டது.

"எப்படி இருக்கு?"

"அற்புதம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிபுணர் என்றால் ஒரு குறை சொல்ல வேண்டாமா? "உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கம்மி."

"பீர்ல உப்புப் போட மாட்டாங்களே."

"அதான் சொல்லுதேன். போட்டா நல்லாருக்கும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "கிராம்பு ஜாஸ்தியாயிட்டு" என்றாள். "இந்த அண்டாவே கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்குக் குடுத்தேன். வாய் மரக்கலையா உங்களுக்கு?"

"இழ்ழையே" என்றேன். நாக்கு புரளவில்லை.

அவளுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் வாடினாள், அவ்வளவுதான். பிறகு, "சரி, போகட்டும். புது எடம், பதட்டம் இருக்கும்லா" என்றாள். எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த பெண் அவள். "ஆனா என் வேலை உங்கம்மாவுக்கு இன்னைக்கே தெரியணும். பொறவு தெரிஞ்சு ஒரு சங்கடம் வரக் கூடாது. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. சொல்லிருவியளா?"

"நான் பாத்துக்கிடுதேன். எங்கம்மா நான் சொன்னா தட்ட மாட்டா" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

நிமிர்த்திய நெஞ்சு இறங்குவதற்குள் மாடிப்படியில் அம்மாவின் செருமல் கேட்டது. இவ்வளவு நேரம் அப்படி என்ன பேச்சு என்று பார்க்கக் காந்திமதியின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏறி வந்துவிட்டாள். மறைக்க அவசரமாக எடுத்த பாட்டில் என் ஒரு கையில், இன்னொரு கையில் டம்ளர்.

"என்னலே அது?"

"கஷாயம்" என்றேன்.

நான் அதை யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் பக்கத்தில் நின்ற காந்திமதியின் பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அம்மா கிட்டே வந்து முகர்ந்தாள். முகம் மலர்ந்தது. "சுக்கு, கிராம்பு, ஜாதிக்கா… ஏ, வயித்துக்கு உள்ள கஷாயம்லா? மூணு நாளா நான் செத்துக்கிட்டிருக்கேன், நீ இங்கன ஒளிச்சு வச்சுக் குடிக்கியா? கொண்டாலே இங்க."

பாட்டில் அம்மா கைக்குப் போய்விட்டது. அம்மா கீழே இறங்க, பின்னாலேயே நானும், எனக்குப் பின்னால் மற்ற இருவரும் இறங்கினோம். கசாப்புக் கடைக்குப் போகும் ஆடுகூட அவ்வளவு வேகமாகப் போயிருக்காது. முன்னறையில் அப்போது மாமா இல்லை, வாசலில் நின்று யாரோடோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு டம்ளரில் ஊற்றினாள். நுரை கட்டி நின்றது. "இது என்ன, இப்படி நொரைச்சுக்கிட்டு நிக்கு? ஆத்தித்தான் குடிக்கணும். ஒரு டபரா குடுங்க மயினி" என்றாள்.

"எம்மா, ஆத்தாத" என்று கத்தினேன். காலம் கடந்துவிட்டது. அம்மா காப்பி ஆற்றுவதில் எங்கள் தெருவிலேயே பேர் பெற்றவள். வலது கை தலைக்கு மேலே, இடது கை இடுப்புக்குக் கீழே. அந்த உயரத்தில் இருந்து பீர் டபராவில் விழுந்தது. நுரை எழும்பியது. அதை அடக்க மறுபடியும் ஆற்றினாள். இன்னும் எழும்பியது. "என்ன எழவு இது, ஆத்த ஆத்தப் பொங்குது" என்று மும்முரமாக ஆற்றினாள். நுரை டபராவைத் தாண்டி, அம்மா கையைத் தாண்டி, முந்திரிக்கொத்துத் தட்டில் வழிந்து, பெண்ணுக்கு வைத்துக் கொடுக்க நாங்கள் கொண்டுபோன வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தில் இறங்கியது. கடைசியில் டம்ளரில் தேறியதை அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தாள்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்தது அந்த ஏப்பம். மூன்று நாள் பலகாரமும் சேர்ந்து விட்ட ஏப்பம். ஜன்னலோரக் கூண்டில் அவர்கள் வளர்த்த கிளி ஒருமுறை படபடத்து அடங்கியது.

"அம்மாடி" என்றாள் அம்மா. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "இன்னொரு டம்ளர் ஊத்துலே."

இரண்டாவது டம்ளரும் உள்ளே போன சமயத்தில் மாமா வந்தார். பாட்டிலைப் பார்த்தார். மகள் தீபாவளிக்கு வந்தபோது பையில் இருந்ததை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார் போல. நெற்றித் திருநீறு வேர்வையில் கரைய ஆரம்பித்தது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முன்பின் பழகாத இரண்டு ஆண்கள் அவ்வளவு பொருத்தமாகப் புரிந்துகொண்டதை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

"பிரமாதமான கஷாயம் அண்ணாச்சி" என்றாள் அம்மா. "பக்குவம் என்ன? எங்கன வாங்குனிய?"

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் புகுந்தேன். "முக்கூடல்ல ஒரு வைத்தியர்மா. பூசணிக்காயச் சுட்டு, மருந்துச் சரக்கெல்லாம் சேர்த்து, ஒரு மண்டலம் மண்ணுல பொதைச்சு வச்சு எடுக்கது. ஆத்துத் தண்ணிய மட்டுந்தான் சேப்பாராம்." மரத்த நாக்கோடு இவ்வளவையும் சொன்னேன். தாமிரபரணித் தாயையே சாட்சிக்கு இழுத்தேன்.

"ஆமா மயினி" என்றார் மாமா. "எங்க தாத்தா காலத்துலயே உண்டு."

"அப்போ நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று அம்மா டம்ளரை நீட்டினாள். சம்பந்தம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கொடுப்பதை எப்படி மறுப்பது? அவர் ஒருமுறை மேலே பார்த்து சிவசிவா என்றுவிட்டுக் குடித்தார். அவர் முகம் போன போக்கை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

அம்மாவுக்கோ பேச்சு பெருக்கெடுத்துவிட்டது. பூசணிக்காய் அழகு என்றாள், கிளி அழகு என்றாள், காந்திமதியைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்துக்கொண்டாள். "இந்தப் புள்ளதான் என் மருமக. ஜாதகமாவது ஒண்ணாவது" என்றாள். இதைத்தான் நான் இத்தனை நாளும் கேட்க ஏங்கினேன். கேட்டபோது என் கண் வாசலில் கிடந்த செருப்பைத் தேடியது.

காந்திமதி என்னைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லு என்பது அந்தப் பார்வை. நான் தாம்பாளத்தில் மிதந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை" என்றாள் அவள். "இது கஷாயம் இல்ல. பீரு. நான்தான் காய்ச்சுனேன். என் வேலையே அதான்."

மாமா உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா டம்ளருக்குள் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"நீ கெமிஸ்ட்ரி வாத்தியார்தானலே? உனக்குத் தெரியலையா?"

எனக்கு இரண்டே வழிதான் இருந்தது. தெரியும் என்றால் நான் பொய்யன். தெரியாது என்றால் நான் முட்டாள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியும் என்று சொல்லியிருந்தால் அம்மா அங்கேயே என்னை அறைந்திருப்பாள், அதோடு விஷயம் முடிந்திருக்கும்.

"தெரியாதும்மா" என்றேன். "நானும் கஷாயம்னுதான் நெனச்சேன்."

காந்திமதி ஒரு துணியை எடுத்து வந்து மேஜையைத் துடைத்தாள். பாட்டில் மூடியின் கம்பியை அழுத்திப் பூட்டினாள். பிறகு, "மழை வலுக்கப் போகுது அத்தை, பாத்துப் போங்க" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் படியேறும்போது அம்மாவுக்கு இன்னும் ஓர் ஏப்பம் வந்தது.

திரும்பும் வழியில் ஆற்றுப்பாலம் வந்தபோதுதான் அம்மா ஆட்டோவில் வாயைத் திறந்தாள். கீழே தாமிரபரணி செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. (நுரையைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.)

"மூடி மறைக்காமச் சொன்னா பாரு, அந்தப் புள்ள" என்றாள். "அவதாம்லே நம்ம வீட்டுக்கு வேணும். பீருன்னா என்ன, வேலையத்தான மாத்திக்கிடலாம், இல்ல மாத்தாட்டியும் போகுது. நீ சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் கத்தியிருப்பேன். அவ்வளவுதான?"

எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. அம்மாவே சம்மதித்த பிறகு என்ன தடை? ஒரு வாரம் மாமாவின் போனுக்காகக் காத்திருந்தேன். வகுப்பில் புளித்தல் பாடம் வந்தபோது அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு பாடம் நடத்தினேன். மாமாவும் கூப்பிட்டார்.

"பாப்பா வேண்டாம்னுட்டா மாப்ளே" என்றார். உடனே தன்னைத் திருத்திக்கொண்டு, "தம்பி" என்றார். "உங்கம்மாவ அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதைச் சொல்லச் சொன்னா."

மாப்பிள்ளையாக இருந்தவன் தம்பியானதற்கு அந்த ஒரு மூச்சு நேரம்தான் ஆனது. போனை வைத்துவிட்டு அழுதேன். முப்பது வயது விரிவுரையாளர், கல்லூரி ஆய்வகத்தில், அமிலப் புட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். கந்தகப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று மாணவர்களிடம் சொன்னேன். அதுவும் பொய்தான்.

விஷயம் எப்படியோ ஊருக்குள் கசிந்துவிட்டது. (அம்மாதான் சொல்லியிருப்பாள். தான் குடித்ததை மட்டும் ஒரு டம்ளராகக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள்.) அதற்குப் பிறகு ஒரு விசேஷ வீட்டிலும் என்னை அண்டாப் பக்கம் கூப்பிடவில்லை. ஒருமுறை நானாகப் போய் மூக்கை நீட்டியபோது, "நீரு தள்ளிப் போம்வே, ரசத்தைக் கஷாயம்பீரு" என்றார் தவசிப்பிள்ளை. அத்தனை வருஷம் தலையாட்டிய அதே ஆள்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. அம்பாசமுத்திரத்துப் பெண், செண்பகம். கல்யாணமான முதல் வாரமே அம்மா அவளை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டாள், ஆற்றிக் காட்டி. அன்றிலிருந்து என் இலையில் எதை வைத்தாலும் செண்பகம் கேட்கிற ஒரே கேள்வி, "எப்படி இருக்கு? நெஜத்தச் சொல்லணும்."

இந்த வருஷமும் தீபாவளி வந்தது. அம்மாவின் வயிறு வழக்கம்போல உப்பியது. செண்பகம் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அம்மா ஆற்றினாள், குடித்தாள், ஏப்பத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. "என்ன இருந்தாலும் அந்தக் கஷாயம் மாதிரி வராது" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

செண்பகம் மிச்சத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. நெஜத்த."

குடித்தேன். நாக்கு சுருக்கென்று மரத்தது.

"கிராம்பு ஜாஸ்தி" என்றேன்.

செண்பகம் டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த ஒரு வார்த்தைய அன்னைக்கு அங்கன சொல்லித் தொலைச்சிருந்தியன்னா," என்றாள், "இன்னைக்கு நான் தப்பிச்சிருப்பேன்லா?"